கணக்கில் வந்துவிட்ட வண்டி

ஜூன் 27

காலாண்டு முடியப்போகிறது, ஒன்பது கார் குறைகிறது. காலையில் என் மேலதிகாரி சடகோபன் சார் சென்னையிலிருந்து கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லாமல், “ஒன்பது எங்கே?” என்றார். என் பாக்கெட்டிலா இருக்கிறது?

மெக்கானிக்கல் படித்தவன் நான். சஸ்பென்ஷன் வடிவமைக்கலாம் என்று நினைத்துத்தான் கம்பெனிக்குள் வந்தேன். “முதல்ல ரெண்டு வருஷம் மார்க்கெட்டைப் பாரு, அப்புறம் பிளான்ட்டுக்கு எடுத்துக்கறேன்” என்று சார் என்னை இந்தத் தெற்கு மூலைக்கு ஏரியா மேனேஜராக அனுப்பினார். இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. செப்டம்பர் காலாண்டு நன்றாக வந்தால் அக்டோபரில் பிளான்ட் என்கிறார் இப்போது. போன வருஷத்திலும் ஒரு செப்டம்பர் இருந்தது.

கம்பெனி டீலருக்கு லாரியில் அனுப்புவது விற்பனை ஆகாது. ஆர்.டி.ஓ.வில் யாராவது ஒரு ஆள் பெயரில் பதிவானால்தான் விற்பனை. மாதம் பிறந்ததும் நாடு முழுக்கப் பதிவானதைக் கூட்டி, ஏற்றம் இவ்வளவு, இறக்கம் இவ்வளவு என்று செய்தித்தாளில் கோடு வரைந்து போடுவார்கள். பங்குச் சந்தைக்காரனிலிருந்து டயர் கம்பெனிக்காரன் வரை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மூச்சு விடுகிறான். அந்தக் கோட்டில் என் மாவட்டம் ஒரு தூசி. ஆனால் சாருக்குத் தூசியும் வேண்டும்.

என் எண்ணில் பாதி பேச்சிமுத்து அண்ணாச்சியின் ஷோரூமிலிருந்து வருகிறது. போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“சார்வாள், வண்டி இருக்கு, சாவி இருக்கு. வாங்குதவன்தான் இல்ல. அவனையும் கம்பெனியிலயே செஞ்சு லாரியில ஏத்தி விடுங்களேன்” என்றார்.

சிரிக்க நேரமில்லை எனக்கு.

ஜூன் 30

ஒன்பதும் முடிந்தது.

வாங்க ஆள் இல்லாத வண்டிக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். கடை ஆட்கள் பெயரில் பதிந்துவிட்டு, நிஜமான ஆள் கிடைக்கும்போது மாற்றிக் கொடுப்பது. எந்த டீலரைக் கேட்டாலும் ‘அதெல்லாம் உண்டு’ என்பார், அடுத்த நிமிடமே ‘எங்க கடையில இல்ல’ என்பார்.

அண்ணாச்சியின் மச்சினன், மெக்கானிக் இருவர், அக்கவுண்ட்ஸ் பையன் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். “எங்க வாட்ச்மேனுக்கு சைக்கிளே நிக்காது, இன்னைக்கு அவன் பேர்ல மேற்கூரை திறக்குத வண்டி” என்று அண்ணாச்சி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வாட்ச்மேன் மட்டும், “தெறந்தா மழை பெய்யாதா அண்ணாச்சி?” என்று உண்மையாகவே கேட்டார்.

எட்டு வந்தது. ஒன்பதாவதற்கு வரவேற்பு மேசையில் இருக்கும் இசக்கியம்மாளைக் கேட்டோம். பதிவுத் தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்வதும் அவர்தான். கடையில் எல்லாரும் இசக்கியக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன் சார்.”

“கேக்கறதுக்கு என்னக்கா இருக்கு? பேர் மட்டும்தான். ஒரு மாசத்துல மாத்திடுவோம்.”

“இல்ல சார், அவுகளுக்கு உடம்புக்கு…”

“நாலு மணி ஆச்சுக்கா.”

போட்டார். வெள்ளை ஹேட்ச்பேக், அடிப்படை மாடல். சார் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஜூலை 2

செய்தித்தாளில் ஜூன் எண் வந்துவிட்டது. நாட்டின் கார் விற்பனை ஆறு சதவீதம் ஏற்றம். ‘கிராமப்புறத் தேவை மீள்கிறது’ என்று ஒரு நிபுணர் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் வாட்ச்மேனைச் சந்தித்திருக்க வேண்டும்.

ஜூலை 8

யார்டுக்குப் போனேன். ஷோரூமில் இடமில்லாததால் அண்ணாச்சி ஊருக்கு வெளியே ஒரு பழைய செங்கல் சூளை மைதானத்தை வாடகைக்கு எடுத்து வண்டிகளை நிறுத்தியிருக்கிறார். வெயில். டயரில் காற்று இறங்கி ஒரே பக்கம் தட்டையாகிக்கொண்டிருக்கிறது. மூன்றில் பேட்டரி செத்துவிட்டது. ஒன்றின் பானட்டைத் திறந்தால் எலி கூடு கட்டி வயரிங்கைத் தின்றுகொண்டிருக்கிறது. கோபமாக வந்தது. வண்டி ஓடுவதற்குச் செய்தது. நிற்க வைத்தால் அது சாகும்.

வாரம் இரண்டு முறை ஒவ்வொரு வண்டியையும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தவறவிட்டால் நானே வந்து நிற்பேன் என்றும் சொன்னேன்.

ஜூலை 14

இசக்கியக்கா மதியம் என் மேசைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

அவர் கணவர் சுயம்புலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். இலவச சிகிச்சை அட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்தோடு அட்டை முடிகிறது, புதுப்பிக்க வருமானச் சான்று வேண்டும். எழுதிக்கொடுத்த விண்ணப்பம் திரும்பிவிட்டது.

“எம் பேர்ல காரு இருக்காம் சார். கம்ப்யூட்டர்ல காட்டுதாம். காரு வச்சிருக்கவங்களுக்கு எப்படி ஏழைன்னு எழுதன்னு கேக்காக.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்ல வந்தேன். நாலு மணி ஆச்சுன்னீங்க.”

தெருவிலும் விஷயம் பரவிவிட்டதாம். நாத்தனார் வந்து, ‘எங்க அண்ணன் ஊசி ஏத்திக் கெடக்கான், நீ எவங்கூட கார்ல சுத்துத?’ என்று வாசலில் நின்று கேட்டாளாம்.

பார்க்கிறேன் என்றேன். ஒரு பெயர் மாற்றம்தானே. அரை மணி நேர வேலை.

ஜூலை 15

அரை மணி நேர வேலை இல்லை.

காலாண்டு ஊக்கத்தொகைக் கணக்கில் பதிந்த வண்டி மூன்று மாதத்துக்குள் வேறு பெயருக்கு மாறினால் கம்பெனி கணினி சிவப்புக் காட்டும். போலிப் பதிவைப் பிடிப்பதற்காகப் போன வருஷம் வைத்த ஏற்பாடு, ஜூன் அவசரத்தில் மறந்திருந்தேன். சிவப்பு வந்தால் அந்த டீலரின் காலாண்டு முழுவதையும் தணிக்கைக்கு எடுப்பார்கள். ஏரியா மேனேஜர் ‘நியாயமான காரணம்’ என்று எழுதி ஒப்புதல் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். ஏரியா மேனேஜர் நான்தான். ஆனால் ஒப்புதல் சாரின் பார்வைக்கும் போகும்.

கடிதத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது? ‘பதிவு செய்யப்பட்டவர் வாங்கவில்லை’ என்றா?

வரைவாக வைத்திருக்கிறேன்.

ஜூலை 18

ஆடி பிறந்தது. ஷோரூமில் ஈ ஓட்டுகிறார்கள். இந்த ஒரு மாதம் எவனும் புது வண்டி எடுக்கமாட்டான். கம்பெனியின் வடக்கத்தி அதிகாரிகளுக்கு இதை விளக்குவதற்குள் ஒவ்வொரு வருஷமும் ஆவணி வந்துவிடுகிறது.

அண்ணாச்சியிடம் வரைபடத்தைக் காட்டி, இந்த இறக்கத்தை ஆவணியில் எப்படி ஈடுகட்டுவது என்று விளக்கினேன். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

“இந்த ஏத்தம் இருக்குல்லா தம்பி, ஜூன் கடைசியில. இதுல எங்க இசக்கி எங்கன இருக்கா?”

சதவீதத்தில் தெரியாது என்றேன்.

“தெரியாதுலா” என்றார்.

ஜூலை 24

இசக்கியக்காவோடு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நானே போனேன். படித்தவன் போய் விளக்கினால் புரியும் என்று நினைத்தேன். வி.ஏ.ஓ. என் வயதுக்காரர்தான். விறைப்பு இல்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

“கார் இவங்களுது இல்லை சார்” என்றேன்.

“அப்போ யாருது?”

“கடையோடது.”

“கடைக் காரை எதுக்கு இவங்க பேர்ல பதிஞ்சீங்க?”

விளக்க வந்தவன் நான். அவர் கொடுத்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவரே யோசித்துச் சொன்னார்: “எனக்கு இந்த அக்காவைத் தெரியும், அண்ணனையும் தெரியும். ஒண்ணு பண்ணுங்க. விற்பனை நடக்கல, பேர் மட்டும்தான் போட்டோம்னு கம்பெனி லெட்டர்ல நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அதை வச்சு நான் மேல எழுதுதேன். நாளைக்கே.”

இசக்கியக்கா என்னைப் பார்த்தார்.

அந்த நாலு வரியை நான் எழுதினால் என் ஜூன் மாதமே பொய் என்று நானே கையெழுத்துப் போட்டதாக ஆகும். அண்ணாச்சியின் டீலர்ஷிப்புக்கும் ஆபத்து. அங்கே இருபது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்.

“கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்தேன். யாரைக் கேட்டு என்று இசக்கியக்கா கேட்கவில்லை. திரும்பும்போது காரில் பின் சீட்டில் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 1

ஜூலை எண்: நாட்டில் நான்கு சதவீதம் இறக்கம். என் ஏரியாவில் இருபத்தொன்று. வீடியோ கூட்டத்தில் சார் எல்லார் முன்னாலும், “ஆடி உங்க ஊர்ல மட்டும் ரெண்டு தடவை வருதா?” என்று கேட்டார். மதுரை ஏரியாவைப் பார்க்கும் மதுரைக்காரன் சிரித்தான். அவனுக்கு இறக்கம் இருபத்து மூன்று.

சிகிச்சை அட்டை நேற்றோடு முடிந்தது என்று இசக்கியக்கா சொன்னார். இனி காசு கொடுத்துத்தான். வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி கொஞ்சம் கொடுத்தார், நானும் கொடுத்தேன். அண்ணாச்சியிடம் வாங்கிக்கொண்டார். என்னுடையதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5

சுயம்புலிங்கம் ஷோரூமுக்கு வந்தார். மினி பஸ் ஓட்டியவராம். ஒல்லி, கண்ணுக்குக் கீழே வீக்கம், மீசையை மட்டும் நன்றாகத் திருத்தியிருந்தார்.

“பொண்டாட்டி கார் வாங்கிருக்கா, புருஷன் ஒரு தடவை ஏறிப் பார்க்காண்டாமா?” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நுழைந்தார். இசக்கியக்கா, “யய்யா, சும்ம இருங்க” என்று ஓடி வந்தார்.

அவர் கேட்டபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. யார்டுக்கு அழைத்துப்போனேன். வெள்ளை வண்டியில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். கிளட்சை மிதித்து, “வெண்ணெய் மாரில்லா போகுது. எங்க வண்டியில இதை மிதிக்கக் காலு பத்தாது, கூட கிளீனர் காலும் வேணும்” என்றார்.

இடது கையில் முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இடம். நான் பார்ப்பதைப் பார்த்து, “தொட்டுப் பாருங்க சார், நீங்க இஞ்சினீயருல்லா” என்று நீட்டினார். விரலை வைத்தேன். தோலுக்குக் கீழே சன்னமாக, நிற்காமல் அதிர்ந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

“ஐடிலிங் சரியா இருக்கா?” என்று, நின்றபடி ஓடும் எஞ்சினைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: “சார், இதை எப்போ அவ பேர்லேர்ந்து எடுப்பீக?”

“ஆவணி பொறக்கட்டும்ணே.”

“ஆவணி வரைக்கும் நான் தாங்குவேன். அதுக்கு மேல போட்டு இழுக்காதீக.”

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆகஸ்ட் 11

வழி கிடைத்துவிட்டது. குற்றாலிங்கம் வாத்தியார் என்று ஒருவர், அரசுப் பள்ளி, வெள்ளை ஹேட்ச்பேக்தான் வேண்டும் என்று வந்தார். இசக்கியக்கா பெயரில் இருப்பதை நேரடியாகச் சொன்னேன்: ஓடாத வண்டி, பேப்பரில் மட்டும் இரண்டாவது ஓனர், விலை குறைத்துத் தருகிறோம். அவருக்குச் சந்தோஷம். “ஆடி மட்டும் முடியட்டும் சார், வீட்டுக்காரி ஒத்துக்கமாட்டா. ஆவணி முதல் முகூர்த்தத்துல எடுத்துக்கிடுதேன்.”

வெளியாள் ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் அது உண்மையான விற்பனை. சிவப்பு வந்தாலும் விளக்கலாம், தைரியமாக ஒப்புதல் எழுதலாம்.

இசக்கியக்காவிடம் சொன்னேன். அந்த இடத்திலேயே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். “ஆமாய்யா… வாத்தியாராம்… ஆவணி ஒண்ணாந்தேதியா இருந்தா என்ன, ரெண்டாந்தேதியா இருந்தா என்ன… சாப்பிட்டீங்களா?” என்று அவர் குரல் ஷோரூம் முழுக்கக் கேட்டது. பிறகு என் மேசைக்கு ஒரு டீ வந்தது. அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18

இதைச் சரியாக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் சார் கூப்பிட்டார். ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டது, என் ஏரியா கடைசியிலிருந்து இரண்டாவது. “இந்த மாசம் நீ எழுந்திருக்கலைன்னா பிளான்ட்டை மறந்துடு. ஒவ்வொரு கஸ்டமரும் புதுப் பதிவு. புரியுதா?”

புரிந்தது. கணக்கு எளிது. வெள்ளை வண்டி ஜூனிலேயே எண்ணப்பட்டுவிட்டது. அதை வாத்தியாருக்குக் கொடுத்தால் ஆகஸ்ட் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஒரு நிஜ வாடிக்கையாளர் வீணாகிவிடுவார். அதே மனிதருக்கு லாரியில் புதிதாக வந்திருக்கும் வண்டியைக் கொடுத்தால் ஆகஸ்டில் ஒன்று ஏறும்.

வாத்தியார் பத்து மணிக்குக் குடும்பத்தோடு வந்தார். தனியாக அழைத்துச் சொன்னேன்: “எதுக்கு சார் ரெண்டாவது ஓனர்? புதுசாவே எடுத்துக்கோங்க. அதே விலைக்கு நான் பார்த்துத் தர்றேன்.” மனுஷன் கண் விரிந்தது. யார்தான் வேண்டாம் என்பார்? என் கையிலிருந்த சிறப்புத் தள்ளுபடியை இதற்குப் போட்டேன்.

அண்ணாச்சி உள்ளே கூப்பிட்டார். “தம்பி, அந்தப் புள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கு.”

“அதை அடுத்த ஆளுக்குத் தள்ளிடலாம் அண்ணாச்சி. ஆவணி இப்பத்தானே ஆரம்பம்.”

“அடுத்த ஆளு வந்தாலும் இதையேதான சொல்லுவீக?”

அது உண்மை. வாத்தியாரின் தாள்களைத் தயார் செய்யச் சொல்லி வெளியே வந்தேன்.

எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, எல்லாம் ஆனது. சாவியைக் கொடுப்பது வழக்கமாக இசக்கியக்காவின் வேலை. வண்டியின் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார், “நல்லபடியா ஓட்டுங்க சார்” என்று வாத்தியாரிடம் சொன்னார். போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார்.

ஆகஸ்ட் 19

இசக்கியக்கா விடுப்பு.

ஆகஸ்ட் 23

யார்டில் மெக்கானிக் ஒழுங்காக ஸ்டார்ட் செய்கிறான். வெள்ளை வண்டியின் பேட்டரி பலவீனமாக இருந்தது, புதிது மாற்றச் சொன்னேன். வண்டி நல்ல நிலையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 31

பதினான்கு சதவீத ஏற்றம். மாநிலத்தில் மூன்றாவது இடம். மதுரைக்காரன் எட்டாவது. சார் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டு எழுதினார். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டு, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தூசி என்றேன்.

செப்டம்பர் 4

இப்போது வாரம் ஒரு தடவைதான் டயாலிசிஸ். இதை இசக்கியக்கா சொல்லவில்லை, வாட்ச்மேன் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறார்கள், முறை வர வேண்டும். “தண்ணி குடிக்கக் கூடாதாம் சார். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்தானாம். ஐஸ் கட்டியைச் சப்பிக்கிட்டுக் கெடக்காராம்.”

இந்த வாட்ச்மேனுக்கு வேறு வேலையே இல்லை. கேட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊர்க்கதை.

செப்டம்பர் 10

அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். சத்தம் போடவில்லை.

“நான் எம் பேருக்கே மாத்திக்கிடுதேன் தம்பி. தணிக்கை வந்தா வரட்டும், கடை போனா போகுது. நீங்க ஒப்புதல் மட்டும் எழுதுங்க. அது இல்லாம மாத்தினா ஒங்களுக்குத்தான் கேடு, அதான் கேக்கேன்.”

“கடை போனா உங்களுக்கும் கேடுதானே அண்ணாச்சி?”

“எனக்கு கெட்டுப் பழக்கம்.”

இன்று எழுதிவிடுவதாகச் சொன்னேன். ஜூலையில் வைத்த வரைவைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘மருத்துவ அவசரம்’ என்று எழுதினேன். நல்ல காரணம். இதை ஜூலையிலேயே எழுதியிருக்கலாம் என்று யாரும் சொல்லக்கூடும். ஜூலையில் நிலவரம் வேறு.

அனுப்பும் நேரத்தில் சாரின் அழைப்பு. பிளான்ட்டில் சஸ்பென்ஷன் குழுவில் ஓர் இடம், என் பெயர் போயிருக்கிறது. “இன்னும் இருபது நாள் சத்தம் இல்லாம இரு. எதையும் கிளறாதே.”

இருபது நாள். செப்டம்பர் முடிந்தால் மூன்று மாதமும் முடிந்துவிடும், ஒப்புதலே தேவைப்படாது. பெயர் மாற்றம் தானாகவே சுத்தமாக நடக்கும். எல்லாருக்கும் நல்லது.

அண்ணாச்சியிடம், ‘அனுப்பிவிட்டேன், சாரிடமிருந்து பதில் வர வேண்டும்’ என்றேன்.

செப்டம்பர் 13

“பதில் வந்துச்சா சார்?” என்று இசக்கியக்கா கேட்டார். ஆகஸ்ட் பதினெட்டுக்குப் பிறகு என்னிடம் பேசியது இதுதான். இன்னும் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். தலைமுடி வாராமல் வந்திருந்தார்.

செப்டம்பர் 16

சுயம்புலிங்கம் இறந்துவிட்டார். விடியற்காலையில் மூச்சுத் திணறியிருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 17

போகாமல் இருக்க முடியாது. அண்ணாச்சியோடு போனேன். குறுகலான தெரு, என் காரைத் திருப்ப இடமில்லை, முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். யார் கம்பெனிக்காரன் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. பேச்சு நின்று, நான் கடந்ததும் மறுபடி தொடங்கியது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவள் நாத்தனார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துவிட்டு ஒப்பாரியை நிறுத்தி, சாதாரணக் குரலில் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “பேருக்குக் காரு. எங்கண்ணன் போனது ஆட்டோல.”

மாலையை வைத்தேன். இசக்கியக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று குனிந்தேன்.

“பதில் வந்துச்சா சார்?” என்றார்.

அண்ணாச்சி என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். ஷோரூம் வாசலில் இறங்கும்போது, “நீங்க அனுப்பவே இல்லைலா?” என்றார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.

இதற்கு நான் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. நோய் முற்றியிருந்தது. டாக்டர்களே கைவிட்ட நிலையாக இருந்திருக்கலாம். வாரம் மூன்று தடவை செய்தாலும் எத்தனை வருஷம் தாங்கியிருப்பார் என்பதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. தேடிப் படித்தேன். நிறைய வருஷம் தாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மூடிவிட்டேன்.

செப்டம்பர் 20

டயர் காற்று. பேட்டரி. வழக்கம் போல.

செப்டம்பர் 26

இசக்கியக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். “வீட்ல உக்காந்து என்ன செய்ய?” என்று யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். நான் பின் வாசல் வழியாகப் போய்வருகிறேன், யார்டுக்கு அதுதான் பக்கம்.

செப்டம்பர் 30

காலாண்டின் கடைசி நாள். இரண்டு கார் குறைந்தது.

பிளான்ட் உத்தரவு தயாராக இருக்கிறது, இரண்டு காரோடு வா, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சார் காலையிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். அண்ணாச்சியிடம் பெயர் கேட்டேன்.

“எங்க கடை ஆளு ஒருத்தன் பேரும் இனி கிடையாது. எங்க கடையையே எடுத்துக்கிடுங்க” என்றார்.

மெக்கானிக்குகளிடம் நேராகப் போய்க் கேட்டேன். ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான், வெளியே வரவே இல்லை. வாட்ச்மேன் ஆதார் அட்டை தொலைந்துவிட்டது என்றார். அக்கவுண்ட்ஸ் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “எங்கம்மாவுக்குச் சக்கரை இருக்கு சார்” என்றான்.

மூன்றரை மணிக்கு என் மேசையில் ஓர் ஆதார் அட்டை வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இசக்கியக்கா.

“எம் பேர்ல போடுங்க சார்.”

“வேண்டாம்க்கா.”

“ஏன் சார் வேண்டாங்கீக? ஒண்ணு கெடக்குல்லா ஏற்கெனவே. மூணாக் கெடந்துட்டுப் போகட்டும்.” குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “இனி எந்த ஆபீஸ்லயும் போயி நான் ஏழைன்னு எழுதிக் கேட்டு நிக்கப் போறதில்ல. யாருக்காகக் கேக்க? எத்தனை வேணுமோ அத்தனையும் போட்டுக்கிடுங்க.”

அண்ணாச்சி தன் அறையிலிருந்து எழுந்து வந்தவர் கதவருகில் நின்றுவிட்டார். போன் அடித்தது. சார்தான்.

“எங்கே இருக்க? ரெண்டு வந்துதா?”

இசக்கியக்கா என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.

“வந்துடுச்சு சார்” என்றேன்.